தாய்மாமன் இடத்தில் என் பெயர்

கூரியரில் வந்த கவரைப் பிரிக்கும்போது அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. என் தங்கை மகளுக்குக் காதுகுத்துப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. லால்குடிப் பக்கத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரின் அய்யனார் கோயிலில், வரும் ஞாயிற்றுக்கிழமை. கீழே தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று அவள் புகுந்த வீட்டார் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, நட்டநடுவில், தடித்த எழுத்தில் 'தாய்மாமன்' என்று போட்டு அதற்குக் கீழே என் பெயர்.

நான் பெண். அவளுக்கு அக்கா. குழந்தைக்குப் பெரியம்மா. இதில் எங்கிருந்து தாய்மாமன் வந்தான்?

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் இல்லாமல் நடக்காது. அவன் சீர்த் தட்டுகளோடு வரவேண்டும். குழந்தையை அவன் மடியில் உட்கார வைத்துத்தான் ஆசாரி காது குத்துவார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டும் பெண்கள், கூடப்பிறந்த ஆண் கிடையாது. அப்படிப்பட்ட வீடுகளில் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ அந்த இடத்தில் உட்காருவது வழக்கம். எங்களுக்கும் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். அக்கா பெயரை அந்த இடத்தில் அச்சடித்த பத்திரிகையை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

குக்கர் நான்கு விசில் தாண்டியது. நான் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இது மரியாதையா, நக்கலா? மரியாதை என்றால் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை. நக்கல் என்றால் ஊரைக் கூட்டி என் முகத்தில் அடிக்கிறாள். மரியாதை என்று நம்பிச் சீரோடு போய் நின்று, அங்கே சித்தப்பா மகன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தால் என் கதி என்ன? நக்கல் என்று நினைத்துப் போகாமல் இருந்து, அவள் மெய்யாகவே அழைத்திருந்தால் என்னுடைய ஒரே தங்கை அன்றோடு எனக்கு இல்லை.

சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. குழந்தை பிறந்து முப்பதாம் நாள் பெயர் வைத்தார்கள். தங்கை ஒரு பெயரை யோசித்து வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, அன்றைக்குச் சொல்லலாம் என்றிருந்தாளாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். எங்கள் அம்மா அதற்கு முந்தைய வருஷம்தான் போயிருந்தாள். எனக்குப் பிறந்தது பையன் என்பதால் அம்மா பெயரை வைக்க எனக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. அன்று குழந்தையைக் கையில் கொடுத்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, காதில் மூன்று முறை அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். குழந்தையின் அத்தை சொல்லவேண்டிய இடத்தில் நான் சொன்னேன். அவள் மாமியார் முகத்தில் ஈயாடவில்லை.

தங்கை அழவில்லை, கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஆமாங்க, நீங்கதானே எங்க வீட்டு ஆம்பளை. நீங்க சொன்னா சரிதான்."

பிறந்தது முதல் என்னை 'நீ, வா, போ' என்று கூப்பிட்ட வாய் அது. பன்னிரண்டு வயசு வித்தியாசம் இருந்தும் ஒரு நாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது, அதன் பிறகு போனில் எப்போது பேசினாலும் 'சொல்லுங்க', 'இருக்கோம்ங்க', 'வச்சிடட்டுங்களா'. என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நானும் லேசுப்பட்டவள் இல்லை, மூக்குமேல் கோபம் வரும் ஜாதி. பேச்சைக் குறைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் ஆகப்போகிறது.

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், எது நேர், எது நக்கல் என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன், வேலை தில்லைநகரில் ஒரு மாடியில். அதற்கு முன்னால் பாலக்கரையில் ஒரு டைப்பிங் சென்டரில் பல வருஷம் மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை என்று அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். தமிழ் வேகமாக அடிப்பேன் என்று யாரோ சொல்லித்தான் இந்த வேலை வந்தது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் நக்கல் புரியவேண்டுமாம். அதற்காகக் கடைகளைப் பற்றி, ஓட்டல்களைப் பற்றி, பஸ்களைப் பற்றி ஜனங்கள் எழுதிப்போட்ட வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: 'நேர்', 'நக்கல்'. ஏதாவது ஒன்றை அழுத்தவேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் நாங்கள் பிரித்துக் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளும்.

சிலது சுலபம். 'அருமையான சர்வீஸ். காலையில் கேட்ட தோசை மதியம் வந்தது' என்றால் குழந்தைகூட நக்கல் என்று சொல்லிவிடும். 'நல்லா இருப்பீங்க சாமி' என்று ஒற்றை வரி வந்தால் என்ன செய்ய? வயிறு குளிர்ந்து வாழ்த்துகிறானா, வயிறெரிந்து சபிக்கிறானா? நேரில் பேசினால் இழுக்கிற இழுப்பில் தெரிந்துவிடும், கழுத்தை ஒடிக்கிற ஒடிப்பில் தெரிந்துவிடும். திரையில் கழுத்து ஏது? முதல் மாதம் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. வீட்டில் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னால்கூட ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு நக்கலும் தெரியாது, நையாண்டியும் தெரியாது. நன்றாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வரியையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்போம். நான், எதிர் மேசையில் காலேஜ் முடித்துவிட்டு வந்த ஒரு பெண், அப்புறம் தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரைத் தபால் சார் என்போம். மூவரும் ஒரே பொத்தானை அழுத்தினால் அந்த வரி முடிந்தது. முட்டிக்கொண்ட வரிகளை வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பேசித் தீர்ப்போம். அந்தக் கூட்டத்தில் என் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. "இது நக்கல் இல்லைன்னா வேற எதுங்க நக்கல்? இவ்ளோ மரியாதை மனுஷன் மனசோட எழுதுவானா?" என்று நான் ஆரம்பித்தால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மாற்றிவிடுவாள், தபால் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மாற்றிவிடுவார். ஆபீசில் எனக்குப் பெயரே 'மோப்பம்'. பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட மோப்பம் பிடிக்கிறவளுக்குத் தன் தங்கை அனுப்பிய ஒரு பத்திரிகை பிடிபடவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு, "நல்ல விஷயம். ஞாயித்துக்கிழமையா? பட்டறை லீவுதான். சீருக்கு எத்தனை தட்டு வைக்கிறது?" என்றார்.

"என் பேரைத் தாய்மாமன்னு போட்டிருக்கா. அது உங்களுக்குத் தப்பா தெரியலையா?"

"போட்டிருக்காங்க. அப்போ நீதான் மாமன். வேற என்ன?"

"நக்கல் பண்ணியிருக்கான்னு தோணலையா?"

"நக்கல் பண்ண யாராவது பத்திரிகை அடிப்பாங்களா? அதுக்கு எவ்ளோ வேலை இருக்கு!" என்று மோரை ஊற்றிக்கொண்டார். அந்த மனிதரிடம் கேட்டது என் தப்பு.

சரி, நேரடியாகவே கேட்டுவிடலாம் என்று மறுநாள் காலையில் போன் போட்டேன்.

"பத்திரிகை கிடைச்சுதுங்களா?" என்றாள்.

"கிடைச்சுது. என் பேரெல்லாம் பெருசா போட்டிருக்க."

"பெரியவங்க பேரைப் பெருசாத்தானே போடணும்."

"அதுக்கில்ல, தாய்மாமன்னு…"

"ஆமாங்க. நீங்க வராம எப்படிங்க நடக்கும்? பாப்பா அழுவுது, வச்சிடட்டுங்களா?"

வைத்துவிட்டாள். நான் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை ஓட்டினால் பாசமாகக் கேட்டது, அடுத்த தடவை ஓட்டினால் குரல்வளையைப் பிடிக்கிற மாதிரி கேட்டது. அவளுக்குப் பால்சோறு ஊட்டியவள் நான். அவள் தும்மினால் எந்தப் பக்கம் திரும்பித் தும்முவாள் என்று எனக்குத் தெரியும். அவள் பேசுவது எனக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்கு அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் பத்திரிகையைக் கவரோடு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். பெயர் வைத்த நாள் கதையையும் சொன்னேன். "ரெண்டு பேரும் பாருங்க. நேரா, நக்கலா?"

எதிர் மேசைப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நக்கல்தான்க்கா. கூடப்பிறந்த அக்காவுக்கு யாராவது கூரியர்ல பத்திரிகை அனுப்புவாங்களா? தட்டுல பூ பழம் வச்சு, நேர்ல வந்து, ரெண்டு பேரா நின்னு கூப்பிடணும். இது உங்களை அறுத்துவிடுறது."

அது எனக்கும் தைத்துக்கொண்டுதான் இருந்தது. தபால் சார் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் தடவிய மூலைகளை விரலால் தொட்டார். "நக்கல் பண்றவங்க நாலு மூலைக்கும் இவ்ளோ பொறுமையா மஞ்சள் தடவ மாட்டாங்கம்மா. எனக்கு நேராத்தான் படுது" என்றார். பிறகு கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். "அது சரி, இது லால்குடியில போட்ட மாதிரி இல்லியே. அனுப்பின இடமும் ஸ்ரீரங்கம்னுதானே சீட்டுல இருக்கு?"

"கூரியர்காரன் தப்பா அடிச்சிருப்பான் சார்! இப்போ அதுவா முக்கியம்?" என்று நான் சீறினேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று அவர் கவரை வைத்துவிட்டார்.

போதாக்குறைக்குக் கம்ப்யூட்டரையும் கேட்டேன். எங்களிடம் ஒரு சோதனைப் பக்கம் உண்டு. எந்த வரியை அடித்தாலும் அது இதுவரை கற்றதை வைத்து விடை சொல்லும். பத்திரிகையில் இருந்ததை வரி பிசகாமல் அடித்தேன். தங்கை போனில் சொன்னதையும் அடித்தேன். 'நீங்க வராம எப்படிங்க நடக்கும்?' கண் மூடித் திறப்பதற்குள் வந்தது விடை: நக்கல்.

அதற்கு என் தங்கைமேல் கோபமும் இல்லை, என்மேல் பிரியமும் இல்லை. நடுநிலையான ஒன்று சொல்லிவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. போவது, ஆனால் விருந்தாளியாகப் போவது. ஒரு கவுன் வாங்கிக்கொள்வது, சாப்பிட்டுவிட்டு வருவது. சீரும் இல்லை, மடியும் இல்லை. முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம், கிளம்புகிற நேரத்தில், சென்னையிலிருந்து எங்கள் மேற்பார்வையாளர் வீடியோவில் வந்தார். என் பையனைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். முகம் வாடியிருந்தது. கம்ப்யூட்டர் ஏதோ ஒரு விஷயத்தில் மோசமாகத் தப்புப் பண்ணுகிறது என்றார். ஒரு வரியைத் திரையில் காட்டினார். யாரோ ஒரு பெரியவர் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு எழுதியது. 'என் மனைவியைப் பெற்ற தாய் போலப் பார்த்துக்கொண்டீர்கள். கடைசிவரை அவள் முகம் சுளிக்காமல் போனாள். தங்கள் குடும்பம் நீடூழி வாழவேண்டும்.'

அதற்குக் கம்ப்யூட்டர் போட்ட விடை நக்கல்.

"மரியாதையா யார் என்ன எழுதினாலும் இதுக்கு நக்கலாத்தான் தெரியுது. 'தங்கள்'னு வந்தா நக்கல், 'நீங்க'ன்னு வந்து பாராட்டினா நக்கல். எங்கேர்ந்து இப்படிக் கத்துக்கிச்சுன்னு தேடிப் பார்த்தோம்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "மேடம், பெரும்பாலும் உங்க வரிகள்தான். மத்த ரெண்டு பேரும் முதல்ல நேர்னுதான் போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் மாத்தியிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தபால் சாரைத் திரும்பிப் பார்த்தேன். "ஏன் சார் மாத்துனீங்க?"

"நீங்க அடிச்சுப் பேசுனீங்க. சரி, உங்களுக்குத்தான் தெரியும்னு விட்டுட்டேம்மா" என்றார். அவர் குரலில் எந்த வம்பும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரி வரி மாதிரி நான் பார்த்ததை எல்லாம் திறந்து பார்த்தேன். ஒரு கிழவர் பஸ் கண்டக்டருக்கு நன்றி சொல்கிறார், நக்கல். ஒரு அம்மா மளிகைக் கடைக்காரரை வாழ்த்துகிறாள், நக்கல். எல்லாம் என் கை. முகம் தெரியாத எத்தனை பேருடைய நல்ல மனசில் நான் சேற்றை அடித்திருக்கிறேன்! யாரோ 'நீங்க' என்று எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்டது என் தங்கை கையைக் கட்டிக்கொண்டு சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான்.

"உங்களை மாதிரியே அதுவும் கோவிச்சுக்குது மேடம்" என்று மேற்பார்வையாளர் சிரிக்கப் பார்த்தார். அவர் ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

அப்படியானால் நேற்றுக் கம்ப்யூட்டர் சொன்ன விடை? அது நான் சொன்ன விடை. என் கேள்வியை நானே கேட்டு, என் குரலிலேயே பதில் வாங்கிக்கொண்டு, நடுநிலை என்று நிம்மதிப்பட்டிருக்கிறேன். அதற்காகப் பத்திரிகை நேர்தான் என்று ஆகிவிடுமா? அதுவும் ஆகாது. நக்கல் இல்லை என்று யார் சொன்னது? முன்பாவது ஒரு முடிவு கையில் இருந்தது, இப்போது அதுவும் போயிற்று.

காந்தி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பழக்கடை முன்னால் நின்றேன். ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. "சீருங்களாக்கா? எத்தனை தட்டுக்கு?" என்றார் கடைக்காரர். பதினொன்று என்று சொல்ல வாயெடுத்தேன். பதினோரு தட்டோடு போய் நின்று, 'அய்யய்யோ, நிஜம்னு நினைச்சிட்டீங்களா?' என்று அவள் கேட்பது போலவும், ஊரே சிரிப்பாய்ச் சிரிப்பது போலவும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு டஜன் வாழைப்பழமும், எதிர்த் துணிக்கடையில் ஒரு கவுனும் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் அவர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சீர் எங்க?" என்றார். "இதுதான்" என்றேன். அவர் வாழைப்பழத்தைப் பிரிட்ஜுக்கு மேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வேப்பமரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆசாரி தன் சின்னப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. பட்டுத் துண்டு விரித்த நாற்காலி, அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் தள்ளிக் கடைசி வரிசையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தலில் இருந்த பெண்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார்கள். ஒரு துணிக்கடைப் பை, ஒரு வாழைப்பழச் சீப்பு. தங்கையின் மாமியார் எழுந்து நின்று என் பின்னால் வேறு யாராவது தட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும்தான் வந்துகொண்டிருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக்கூடாதா என்று இருந்தது.

தங்கை வந்தாள். "வாங்க" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி கொஞ்சம் வலித்தது. "சாமி கும்பிட்டுட்டு வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு என்னைக் கோயிலுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பாயில் பதினோரு தட்டுகள். பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, சின்னத் தோடு. எல்லாவற்றையும் கண்ணாடித் தாளால் மூடி வைத்திருந்தாள்.

"என்னடி இது?"

"சீரு. உன் சீரு." மூன்று வருஷத்துக்குப் பிறகு 'உன்' என்றாள். "நீ வெறுங்கையோட வருவேன்னு எனக்குத் தெரியும். நம்ப மாட்டே. நேத்தே வாங்கி இங்க கொண்டாந்து வச்சுட்டேன், என் சிநேகிதிங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பின்னாடி வழியா ரோட்டுக்குப் போ. வேன்ல வந்து இறங்கின மாதிரி வாசப்பக்கமா தூக்கிக்கிட்டு வா."

"என்னால உனக்கு எவ்ளோ…" என்று என்னவோ உளறினேன்.

"அழுது வைக்காதே. மூஞ்சி வீங்கிடும், போட்டோ எடுக்கிறாங்க. என் மாமியார் பொம்பளை மடியிலயா காது குத்துறதுன்னு ஒரு வாரமா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. இப்போ நீயும் வெறுங்கையோட நின்னா நான் எங்க போய் முட்டிக்கிறது? சீக்கிரம் போ."

நானும், பின்னாலேயே வந்து நின்ற என் வீட்டுக்காரரும், அவளுடைய தோழிகள் ஒன்பது பேரும் ஆளுக்கொரு தட்டைத் தூக்கினோம். வயல் ஓரமாகச் சுற்றி ரோட்டுக்கு வந்து, மறுபடி வாசல் வழியாகப் பந்தலுக்குள் நுழைந்தோம். மேளம் அடித்தார்கள். "அத்தனை தட்டும் வேன்ல இருந்துச்சு, பின்னாடி வந்துச்சு" என்று கேட்காதவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பட்டுத் துண்டு விரித்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பாப்பாவை என் மடியில் வைத்தார்கள். அவள் என்னைச் சரியாகப் பார்த்ததே இல்லை, உதட்டைப் பிதுக்கினாள். "தலையை ஆடாம புடிங்கம்மா" என்றார் ஆசாரி. "தாய்மாமன் வந்தாச்சா?" என்று குனிந்து யாரையோ கேட்ட ஒரு கிழவரிடம், "மடியில வச்சிருக்காங்கள்ல, அவங்கதான்" என்று தங்கை சொன்னாள். குழந்தை வீரிட்டு அழுதது. அதைவிட அதிகமாக நான் அழுதேன்.

எல்லாம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா அழுது களைத்து என் மடியிலேயே தூங்கிவிட்டாள். காது சிவந்து, மஞ்சள் அப்பியிருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. பத்திரிகையில என் பேரைப் போட்டியே, அது நேரா, நக்கலா?"

"உன் ஆபீஸை இங்கயும் தூக்கிக்கிட்டு வந்துட்டியா?" என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "அச்சாபீசுல எழுதிக் குடுக்கும்போது நக்கலாத்தான் எழுதினேன். உனக்கு சுருக்குன்னு தைக்கட்டும்னுதான் எழுதினேன். அப்புறம் கட்டுக்கட்டா அடிச்சு வந்துச்சு. உக்காந்து ஒண்ணொண்ணா மஞ்சள் தடவினேன். அங்க வேற யாரு பேரைப் போட்டிருக்கலாம்னு யோசிச்சேன். அப்பா போனப்புறம் ஸ்கூல்ல எனக்குக் கையெழுத்துப் போட்டது யாரு? பிரசவத்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல சாப்பிடாம கிடந்தது யாரு? வேற ஒரு பேரும் வரலக்கா."

எனக்குப் பாழாய்ப்போன கோபம் அப்போதும் வந்தது. "இவ்ளோ நினைச்சவ நேர்ல வந்து கூப்பிட்டா என்னடி? கூரியர்ல அனுப்புவியா கூடப்பிறந்தவளுக்கு?"

"வந்தேன்" என்றாள்.

"எங்க வந்த?"

"ஸ்ரீரங்கத்துக்குத்தான். தட்டு, பூவு, பழம் எல்லாம் எடுத்துக்கிட்டு உன் தெரு முனை வரைக்கும் வந்துட்டேன். அங்கேர்ந்து உன் வீட்டுக் கதவு தெரியுது. நீ கதவைத் திறந்து 'வாங்க'ன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம் வந்துருச்சு. அரை மணி நேரம் நின்னேன். அப்புறம் பக்கத்துல இருந்த கூரியர் கடையில பத்திரிகையைக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்."

தபால் சார் கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தது ஞாபகம் வந்தது. என் வாயை அடைக்க ஆளில்லாமல் போயிற்றே என்று இருந்தது. அன்றைக்கு அவள் வந்து கதவைத் தட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'வாடி' என்று சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். என் மடியில் தூங்கிய குழந்தையின் கழுத்து வேர்வையைத் தன் தலைப்பால் துடைத்தாள். அந்தத் 'தெரியும்' கோபமா, பாசமா, மன்னிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. இந்த முறை நான் கேட்கவில்லை.